பெல்லட்டை விட்டு இரண்டு கரியடுப்பு

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புல்தரை இருந்தது. பனி கரைந்து புல் தலைகாட்டியதும் ஒரு சனிக்கிழமை எல்லா வீட்டாரும் கூடிக் குப்பை வாருவோம், வேலிக்குப் பெயின்ட் அடிப்போம். அந்தக் கூட்டு வேலையை டுக்னாட் என்பார்கள். வேலை முடிந்த பின்னேரம் அதே புல்தரையில் கிரில் நடக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு வீட்டார் அடுப்பு வைக்க வேண்டும். இறைச்சியை அவரவர் பையில் கொண்டுவந்து, அந்த ஒரே அடுப்பில் வாட்டித் தின்பார்கள்.

என் மனைவிக்கு அங்கேதான் சிக்கல். மாட்டிறைச்சி பட்ட கம்பித்தட்டில் வெந்த எதையும் அவள் வாயில் வைக்க மாட்டாள். அதை அந்தச் சனத்திடம் சொல்லவும் அவளுக்கு மனமில்லை. தங்கள் சாப்பாட்டை அருவருக்கிறாள் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் முதல் வருடம் “இன்றைக்கு எனக்கு விரதம்” என்றாள். அடுத்த வருடமும் விரதம். அதற்கடுத்த வருடம் பக்கத்து வீட்டு அம்மாள் எதுவும் கேட்காமலே அவள் முன்னால் ஒரு கோப்பை கோப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வரிசையில் மனைவிக்கு இருந்த ஒரே சிநேகிதி அந்த அம்மாள்தான். பூச்செடி, முழங்கால் வலி என்று இருவரும் பாதி நோர்வேஜிய மொழியிலும் பாதி கையாலும் மணிக்கணக்காகக் கதைப்பார்கள்.

“அந்த மனுசியோட இருந்து ஒரு நாளைக்காவது ஒண்டாச் சாப்பிட வேணும்,” என்றாள் மனைவி, எங்கள் முறை வந்த வருடம். “இந்த முறை அடுப்பு எங்கட அடுப்பு. நீங்கள் ஒரு வசனம் சொன்னாக் காணும், இதிலை மாடு வைக்காதேங்கோ எண்டு. என்ர நோர்வேஜியன் உடைசல். நான் சொன்னா அவை வேற ஏதும் எண்டு விளங்கிக்கொள்ளுவினம்.”

நான் வேலை செய்தது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. அந்த வேலையை நான் விடாமல் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு வசனம் என்பது அவளுக்குச் சின்ன விஷயம்.

எப்படியும் அடுப்பு வாங்க வேண்டும். எல்லிங்ஸ்ருட்டில் இருந்த மனைவியின் தம்பி அந்த வசந்தத்தில்தான் ஒரு பெல்லட் கிரில் வாங்கியிருந்தான். அமெரிக்காவிலிருந்து இறக்கிய சாமான் என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவான். பார்க்கப் போனோம். பக்கவாட்டில் ஒரு பெட்டி. அதற்குள் மரத்தூளை அழுத்திச் செய்த குறுணிகள், கோழித்தீன் மாதிரி. மின்சாரத்தில் செருகி, இத்தனை பாகை என்று திருகிவிட்டால் அதுவே குறுணியை இழுத்து இழுத்து எரித்துக்கொள்ளும். புகை குறைவு. மனைவிக்கு உடனே பிடித்துவிட்டது.

“மூடியைத் திறக்கவே தேவையில்லை, அத்தான். அடிக்கடி திறந்தா அதுக்குக் கோவம் வரும்,” என்றான் தம்பி.

“அப்ப நாங்கள் என்ன செய்யிறது?”

“சனத்தோட இருந்து கதைக்கிறது.”

எனக்கு அந்த இயந்திரத்தின் மேலிருந்த மரியாதை அந்த இடத்திலேயே போய்விட்டது. கரியடுப்பு என்றால் ஊதலாம், கிளறலாம், கண்ணில் புகை பட்டது என்று அந்தப் பக்கம் திரும்பி நிற்கலாம். நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை யாரும் வந்து இரு என்று சொல்வதில்லை. தம்பி அதில் வாட்டித் தந்த கோழியைத் தின்று பார்த்தேன். பஞ்சு மாதிரி வெந்திருந்தது. தோல் மட்டும் அவித்த தோல்.

“கருகல் இல்லை,” என்றேன்.

“அத்தானுக்குக் கருகினாத்தான் சாப்பாடு. அக்கா சமைச்சுப் பழக்கினது அப்பிடி.”

தம்பிக்கு அன்றைக்கு மனைவியிடமிருந்து ஒரு குட்டுக் கிடைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை ஓடியது. பெல்லட் கிரிலுக்கு ஒரே மூடி, ஒரே தட்டு. அதன் விலையில் கரியடுப்பு எத்தனையோ வாங்கலாம். அடுத்த நாள் வேலை முடிந்து ட்வெய்ட்டாவில் இறங்கி, உருண்டை மூடி வைத்த கரியடுப்பு இரண்டு வாங்கினேன். இரண்டு பெட்டியையும் மெட்ரோவில் கொண்டுவந்து சேர்த்த பாட்டை இங்கே எழுதவில்லை.

“ஏனப்பா ரெண்டு?”

“ஒண்டு எங்களுக்கு. மற்றது அவைக்கு.”

மனைவி பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஒரு வசனம் சொல்லப் பயத்திலை ரெண்டு அடுப்பு வாங்கின மனுசன் ஒஸ்லோவிலை நீங்கள் ஒராளாத்தான் இருப்பியள்.” பிறகு தம்பிக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னாள். அவன் சிரித்தது அடுத்த அறையில் இருந்த எனக்கும் கேட்டது.

டுக்னாட் அன்று அவள் ஒரு வாளி நிறையக் கோழிக்காலில் மிளகாய்த்தூளும் தயிரும் பிரட்டி வைத்திருந்தாள். எல்லாரும் தங்கள் இறைச்சியோடுதான் வருவார்கள் என்று மூன்று வருடமாகப் பார்த்தவள்தான். “எங்கட அடுப்புக்கு வாற சனம் கையிலை சாப்பாட்டோடையோ வாறது?” என்றாள். அவர்கள் கையில் சாப்பாட்டோடுதான் வந்தார்கள்.

எலும்போடு கோழி வேக நேரம் எடுக்கும் என்று எங்கள் அடுப்பை முதலில் மூட்டியிருந்தேன். அவர்களுடையதைப் பிறகுதான் மூட்டினேன். அங்கேதான் கணக்குப் பிழைத்தது. எங்கள் கரி வெள்ளை பூத்துக் கனன்றுகொண்டிருந்தபோது அவர்கள் கரி இன்னும் கறுப்பாகவே கிடந்தது. சிநேகிதியின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தட்டு நிறைய மாட்டிறைச்சித் துண்டுகளோடு வந்தார். இரண்டு அடுப்புக்கும் மேலே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். நல்ல சூடு எதில் என்று எந்த மனிதனுக்கும் தெரியும். எங்கள் அடுப்புப் பக்கம் திரும்பி, இடுக்கியால் முதல் துண்டைத் தூக்கினார்.

மேசையில் மனைவி சிநேகிதிக்குப் பக்கத்தில் இருந்தாள். சிநேகிதி கோப்பிக் குடுவையைக் கையில் எடுத்துவிட்டார். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாரக்கணக்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனத்தில் தயவுசெய்து, மன்னிக்கவும் எல்லாம் இருந்தன. அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“அதில் வேண்டாம்,” என்றேன். எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. ஆனால் இடுக்கி நின்றுவிட்டது.

“ஏன்?”

“என் மனைவி அதிலிருந்து சாப்பிட வேண்டும். மாடு பட்டால் சாப்பிட மாட்டாள்.”

அவர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். “சாப்பிடுவாரா? வசந்தத்தில் அவர் சாப்பிடுவதே இல்லை என்று நாங்கள் நினைத்தோம்.”

“சாப்பிடுவாள்,” என்றேன். “நன்றாகச் சாப்பிடுவாள்.”

அவர் கோபிக்கவில்லை. இறைச்சியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு மற்ற அடுப்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கரியை இப்படிப் பரப்பினால் எப்படிப் பற்றும், கூம்பாகக் குவிக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். மற்ற வீட்டு ஆண்களும் ஒவ்வொருவராகப் போத்தலோடு வந்து சேர்ந்தார்கள். கூம்பு சரியா, காற்றோட்டம் சரியா என்று ஆளுக்கொரு கருத்து. மேசையில் வாய் திறக்காத மனிதர்கள் எல்லாம் அங்கே நின்று கதைத்தார்கள். ஒளிந்து நிற்க நான் பார்த்து வைத்த இடம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லியே நான் களைத்துப்போனேன்.

புதிதாக வந்து இறைச்சியோடு நெருங்குகிறவர்களைப் பழைய பஸ்காரரே கையைக் காட்டி நிறுத்தினார். “அது அந்த அம்மாவின் அடுப்பு. இங்கே வா.” அதை எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். நான் நெருப்புக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன்.

கோழி வெந்ததும் முதல் காலை மனைவிக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு பக்கம் கருகியிருந்தது. அவள் அதை ஒருதரம் பிரட்டிப் பார்த்துவிட்டுக் கடித்தாள். சிநேகிதி கோப்பிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, மனைவியின் தட்டிலிருந்தே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். உறைப்பில் அவர் கண் கலங்கியது. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அவர் முதுகில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“என்ன நிக்கிறியள்? அவவுக்குத் தண்ணி குடுங்கோ. எனக்கு இன்னொரு கால் கொண்டுவாங்கோ.”