ஏழு படம் நடித்த புதுமுகம்

எட்டாவது படத்தின் டைட்டிலில் தன் பேருக்கு முன்னால் ‘புதுமுகம்’ என்று போடப்போகிறார்கள் என்பது, டப்பிங் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வயது முப்பத்தொன்று. பதினெட்டு வயதில் வந்த முதல் படத்தில் ‘அறிமுகம்’. அடுத்த இரண்டில் ‘இளம் நடிகை’. அதற்குப் பிறகு நான்கிலும் ‘வளரும் நடிகை’. படங்களுக்கு அவள் உடைகளைத் தைக்கும் அக்கா பத்திரிகைத் துண்டுகளைத் தேதி போட்டு ஒட்டி வைத்திருப்பதால் இதில் ஓர் எழுத்தும் பிசகாது. அவளோடு அறிமுகமான கதாநாயகனுக்கு இரண்டாவது படத்திலேயே பட்டம் வந்துவிட்டது. இந்தச் சொற்களுக்கு அகராதியில் என்ன பொருளோ, தொழிலில் பொருள் இதுதான்: இவளுக்கு நாற்காலி போட வேண்டாம், வசனத்தை வெட்டினாலும் கேட்க மாட்டாள்.

தயாரிப்பாளர் வெளியே வந்தார். “என்னம்மா, கடைசி ரீல்தானே பாக்கி? உள்ள வா.”

“பேருக்கு முன்னால இருக்கிறதை எடுங்க சார். வரேன்.”

“புதுசுன்னா ஜனங்க ஆசையா பார்ப்பாங்க. சரி, உனக்காக ‘வளரும் நடிகை’ன்னு போடச் சொல்றேன்.”

“பதிமூணு வருஷமா வளர்றேன் சார். இன்னும் வளர்ந்தா தலை கூரையில இடிக்கும்.”

கதவருகே நின்ற ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டார். தயாரிப்பாளருக்கு முகம் கறுத்தது.

“வேற பொண்ணை வெச்சுப் பேசிக்குவேன்.”

“பேசிக்குங்க. கடைசி ரீல்ல எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஜனங்க நினைச்சுக்கட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். அவர் அப்படியே செய்துவிட்டால் ஒன்பதாவது படத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

“வெறும் பேரைப் போட்டா யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்பாங்கம்மா.”

“கேட்கட்டும் சார். படம் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்.”

படம் வெளிவர ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். அரை மணியில் திருத்திய டைட்டில் அவர் போனுக்கு வந்தது. அவள் வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தாள். பேர் மட்டும்தான் இருந்தது.

உள்ளே போய் மைக் முன்னால் நின்றாள். கதாநாயகனின் காலில் அவள் விழுந்து கதறும் காட்சி. மூன்று முறை எடுத்தும் சரிவரவில்லை.

“அம்மா, கொஞ்சம் கெஞ்சுங்க,” என்றார் ஒலிப்பதிவாளர். “அதட்டுற மாதிரியே இருக்கு.”

“இன்னிக்கு இவ்வளவுதாண்ணே வருது,” என்றாள்.