போனுக்குத் தெரிந்த வீடு

யேசுதாசுக்கும் அமானுல்லாவுக்கும் ஒரே வண்டி, ஒரே இருக்கை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஷிப்டு வேனைப் பகலில் யேசுதாஸ் ஓட்டுவார், இரவில் அமானுல்லா. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் பல வருடப் பழக்கமிருந்தும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடை எதிரே சாவி கைமாறும். அந்த ஒரு டீ குடிக்கும் நேரம்தான் அவர்கள் சிநேகிதம்.

அமானுல்லா நெட்டை. இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவிடுவார். யேசுதாசுக்கு அதை முன்னால் இழுத்தால்தான் கிளட்ச் எட்டும்.

"பாய், எறங்கும்போது சீட்ட முன்னாடி தள்ளி வெச்சாதான் இன்னா? தெனம் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போவுது."

"நீ வளந்திருக்கணும் நைனா. அதுக்கு நான் இன்னா பண்றது?"

வண்டிக்கென்று ஒப்பந்தக்காரர் ஒரு போன் கொடுத்திருந்தார். அதில் வழி சொல்லும் பெண்குரலுக்கு 'மொதலாளியம்மா' என்று பெயர் வைத்தவர் அமானுல்லாதான். ஒரு மழைக்காலத்தில் அவள் பேச்சைக் கேட்டு, வெள்ளம் ஓடிய ஆரணியாற்றுத் தரைப்பாலத்தில் வண்டியை இறக்கி, உள்ளே பெண்கள் அலற அலறப் பின்னாலேயே எடுத்துவந்தார். "அவளுக்கு இன்னா, நனையவா போறா? நேராப் போம்பா" என்று மறுநாள் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் அவளை விட்டால் வேறு வழியில்லை. வேலைக்கு வரும் பெண்கள் மாதத்துக்கு ஒரு விடுதி மாறினார்கள். யாரிடமாவது வழி கேட்கும் பழக்கமே இருவருக்கும் விட்டுப்போயிருந்தது.

அன்று காலையும் சாவி கைமாறியது. அன்றும் யேசுதாஸ் திட்டிக்கொண்டே குனிந்து, இருக்கையை நகர்த்தும் நெம்புகோலைத் தேடினார். நிமிர்ந்தபோது அமானுல்லா ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் அமானுல்லாவின் மருமகன் அஸ்கர் அலி அழைத்தான். வந்து படுத்த மாமா எழுந்திருக்கவே இல்லையாம்.

யேசுதாஸ் அப்போது திருப்பாச்சூரில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. யேசுதாசின் சொந்தங்களில் சாவு என்றால் ஐஸ் பெட்டி வரும், வெளியூரில் இருக்கும் பிள்ளை வரும், மறுநாள் சாமியார் ஜெபம் முடிந்துதான் எடுப்பார்கள். சாயந்தரம் வண்டியை விட்டுவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, ராத்திரி முழுக்கக் கூட உட்காரலாம் என்று கணக்குப் போட்டார். மனைவி ஆரோக்கியமேரிக்குப் போன் செய்தபோதுதான் அந்தக் கணக்கு உடைந்தது.

"சாயந்தரமா? உனக்குப் புத்தி கீதா? பாயுங்க வெச்சிக்கினு இருக்க மாட்டாங்கய்யா. நாலு மணி அசர் தொழுகை முடிஞ்சா எடுத்துருவாங்க. மொகத்தப் பாக்கணும்னா இப்பவே கெளம்பு."

காலையில் பார்க்காமல் விட்ட முகம்.

வீடு பழவேற்காட்டுப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அஸ்கர் அலியிடம் முகவரி கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் வண்டி போனிலேயே அது இருந்தது. அமானுல்லா தன் கையால் 'ஊடு' என்று குறித்து வைத்த இடம். யேசுதாஸ் தினமும் அதைத் தாண்டித்தான் கம்பெனிப் பெயரைத் தொடுவார். இன்று அதையே தொட்டார்.

பெரியபாளையம் ரோட்டில் லாரிகள் நகரவில்லை. ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் கன்டெய்னர்கள் வரிசைகட்டி நின்றன. போய்ச்சேரும் நேரம் திரையில் நிமிட நிமிடமாகத் தள்ளிப்போனது. "சீக்கிரம் சொல்லுமா" என்று அந்தக் குரலைக் கெஞ்சினார். பொன்னேரி தாண்டி மெதூரும் தாண்டியதும் அவள் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். மண்பாதை. திரும்பினார். இன்னொரு திருப்பம். பிறகு, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

வீடு இல்லை. தெருவும் இல்லை. முட்செடிகளுக்கு நடுவே எண் எழுதிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி அருகே வந்தாள்.

"இன்னா சார், மனை பாக்க வந்தியா?"

"அமானுல்லா பாய் ஊடு எங்கம்மா?"

"இங்க ஏது ஊடு? ஆடு மேயுது பாரு."

அஸ்கர் அலிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அணைத்து வைத்திருந்தான். தொழுகைக்கு நின்றிருப்பான் என்பது அப்புறம்தான் உறைத்தது. "யம்மா, பாயுங்கள எங்க அடக்கம் பண்ணுவாங்க?" என்று கேட்டார். கிழவி கையைக் கிழக்கே நீட்டினாள். "ரோட்டப் புடிச்சு நேரா போ. பள்ளிவாசல் கோபுரம் தெரியும். அதும் பின்னால."

மண்ணில் சிக்கிய சக்கரத்தை உறுமி உறுமி எடுத்தார்.

கபரஸ்தானில் அவர் ஓடி நுழைந்தபோது குழியில் பலகை அடுக்கி, மண் பாதி தள்ளியாகிவிட்டது. அஸ்கர் அலி அவரை அடையாளம் கண்டு கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனான்.

"எங்கண்ணே போய்ட்டீங்க? மொகத்த மூடுறதுக்கு முன்னாடி உங்களுக்காகக் கொஞ்சம் நிறுத்தியே வெச்சிருந்தோம். மூணு கை மண்ணு போடுங்க."

போட்டார். மூன்றாவது கை மண் விரலை விட்டு இறங்க நேரமானது.

வெளியே வந்ததும், போன் கொண்டுபோய் விட்ட இடத்தை அஸ்கர் அலியிடம் சொன்னார்.

"ஊடு கட்ட வாங்கின அந்த மனையா? எங்க அத்த ஆபரேஷனுக்காக அதப் போன வருசமே மாமா வித்துட்டாரே. நாங்க இங்க வாடக ஊட்லதான் கீறோம்."

விற்ற பிறகும் அமானுல்லா போனிலிருந்து அதை அழிக்கவில்லை.

அன்று இரவு வண்டியை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. டீக்கடை எதிரே யேசுதாஸ் கொண்டுவந்து விட்ட இடத்திலேயே அது நின்றது. மறுநாள் காலை யேசுதாஸ் டீக்கடைக்குப் போகாமல் நேரே வண்டிக்குள் ஏறினார். பழக்கத்தில் குனிந்து நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். இருக்கை அசையவில்லை. முன்னால்தான் இருந்தது. நேற்று வரை இதே இடத்தில் நின்று டீ குடித்த முகத்தை நினைத்துப் பார்த்தார். குனிந்தபடி பார்த்த செருப்பும், மடித்துக் கட்டிய கைலியும், ரோட்டைக் கடந்த முதுகும்தான் வந்தன. முகம் வரவில்லை.

முதல் விடுதியில் பெண்கள் காத்திருப்பார்கள். போனை எழுப்பினார். 'ஊடு' முதல் வரியிலேயே இருந்தது. அதன்மேல் விரல் படாமல், அடுத்ததைத் தொட்டார்.