இறக்கைக்கு அந்தப் பக்கம்

விமானத்தின் இறக்கைக்குத் துணி போர்த்துவார்கள் என்பதே எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. பெரிய கம்பெனிகள் செய்கிற விமானங்களுக்கெல்லாம் தகடுதானாம். ஆனால் உலகத்தில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டிலேயே, இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம் கட்டுகிறார்களாம். அதில் சிலதுக்குச் சட்டம் மட்டும் கட்டி, மேலே துணியை இழுத்து ஒட்டி, தைத்துவிடுகிறார்கள்.

என் மகன் வேலை பார்க்கும் லேத் பட்டறை பூந்தமல்லியில் இருக்கிறது. வெளிநாட்டு விமானக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் கடைந்து அனுப்புகிறார்கள். ஊருக்கெல்லாம் பாகம் செய்கிறோமே, முழுசாக ஒன்று நாமே கட்டினால் என்ன என்று பட்டறை முதலாளிக்கு ஆசை. வெளிநாட்டிலிருந்து வரைபடம் வாங்கி, பட்டறைக்குப் பின்னால் ஷெட் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் என் மகனுமாகக் கட்டினார்கள். துணி தைக்கிற கட்டம் வந்ததும் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிச் சட்டை தைத்தவள்.

“யம்மா, நீ வந்து தெச்சுக் குடேன்,” என்றான் மகன்.

“ஏரோப்ளேனா? எனக்கு இன்னாடா தெரியும். அங்க ஆம்பளைங்க இருப்பாங்கோ.”

“மொதலாளி ஒருத்தர்தான் கீறாரு. உன் மருமகளும் வர்றா. அந்தத் தையலுக்கு ரெண்டு பேர் வோணும்.”

அந்தச் சமயத்தில் என் மனசு சரியாக இல்லை. விமானம் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து மகனை பெங்களூருக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் போனில் பேசும்போது காதில் விழுந்ததுதான், என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் மருமகளும் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். என்னை அயனம்பாக்கம் வீட்டிலேயே தனியாக விட்டுவிட்டுப் போகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. யாரிடமும் எதையும் வாய் திறந்து கேட்டுப் பழக்கமில்லை. மருமகள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் வேலை. எங்களுக்குள் “சாப்ட்டியாம்மா”, “சாப்ட்டேன் அத்தை” என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

ஷெட்டில் இறக்கையை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேல் உயரம். சூட்டில் சுருங்குகிற துணியாம், இஸ்திரிப் பெட்டி போட்டு மத்தளத் தோல் மாதிரி இறுக்கியிருந்தார்கள். உள்ளே விலா எலும்பு போலச் சட்டங்கள். நான் இந்தப் பக்கம், மருமகள் அந்தப் பக்கம். மெழுகு பூசிய நூல் கோத்த நீள ஊசியைச் சட்டத்தை ஒட்டி நான் குத்தினால், அவள் வாங்கி, சட்டத்தின் மறுபக்கமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் முடிச்சுப் போடுவேன். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றது பிரியாது.

முதலாளி போனில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாடோ, ஒரு கிழவர் தன் ஷெட்டில் முடிச்சுப் போடுகிறார். இறக்கைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவியாம், கை மட்டும் தெரிந்தது. கிழவர் பேசியது ஒன்றும் புரியவில்லை. கை புரிந்தது. முன்காலத்தில் பெரிய கம்பெனிகளிலும் இந்த வேலைக்குப் பெண்களை வைத்திருந்தார்களாம். முகம் தெரியாத அந்தக் கிழவருக்கு இன்றைக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

“வாங்கிக்கோ” என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். ஊசியை அனுப்பிவிட்டு நூலை ஒரு சுண்டு சுண்டுவேன். வாங்கியதும் அவளும் ஒரு சுண்டு சுண்டுவாள். காலை முழுக்க இதுதான் எங்கள் பேச்சு.

“அத்தை, கத்திரி எதுக்கு இருக்கு? நீங்க நூலப் பல்லால கடிக்கிற சத்தம் இங்க கேக்கு,” என்றாள் திடீரென்று.

நான் சிரித்துவிட்டேன். “கம்பெனிப் பழக்கம்மா.”

“மெழுகு ருசியா இருக்கோ?”

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது பேசினோம். வீட்டுக்கு வந்தால் பழையபடிதான்.

கடைசி இறக்கையில் மேல்வரிசை நடந்துகொண்டிருந்தது. அதை முடித்துவிட்டால் இனி எங்கே கேட்பது? ஊசியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

“பெங்களூருக்கு நீங்க எப்பம்மா போறீங்கோ?”

ஊசி திரும்பி வரவில்லை.

“நீங்கன்னா? நீங்க வரலையா அத்தை?”

“என்ன யாரு கூப்ட்டா?”

அந்தப் பக்கம் அவள் துணியை ஒட்டி வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “கீழ்வீடாத்தான் வேணும்னு தேடிக்கிட்டு இருக்கோம். உங்க முட்டிக்கு மாடி ஏற முடியாதுல்லா? அமைஞ்ச பொறவு சொல்லலாம்னு உங்க மவன்தான் சொன்னாக. முன்னாடியே சொன்னா, எனக்கோசரம் அலையாதீங்கன்னு தடுத்துருவீகளாம்.”

“நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடுதே.”

“அதுக்குத்தான் நிப்பாட்டுனோம். எனக்கு மட்டும் எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை பேச மாட்டீக. என்னயப் புடிக்கலை போலன்னு நெனச்சிட்டேன்.”

“எனக்கு யார்கிட்டயும் பேச வராதும்மா.”

“இப்ப வருதே.”

“நடுவுல துணி கீதே.”

அவள் சிரித்த சிரிப்பில் துணி அதிர்ந்தது. மகன் தூரத்திலிருந்து, “இன்னா, ஊசிய வெச்சுகினு கதையடிக்கிறீங்களா?” என்றான்.

“ஒங்க கதைதான்,” என்றாள்.

ஊசி வந்தது. நூலைச் சுண்டினாள். கண் கலங்கியிருந்ததில் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி போட்டேன். ஆள் உட்காரப் போகிற விமானம்.

தையல் மேல் பட்டை ஒட்டி, வண்ணம் அடித்துவிட்டார்கள். இப்போது ஒரு முடிச்சும் வெளியே தெரியாது. பறக்க அனுமதி இன்னும் வரவில்லை. அது எப்போது பறந்தாலும் பறக்கட்டும். எனக்கு அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

நேற்று மினி லாரியில் சாமான் ஏற்றினோம். பெங்களூரில் வாசலோடு ஒட்டின கீழ்வீடு கிடைத்துவிட்டது. கட்டில், பீரோ, என் தையல் மிஷின் எல்லாம் ஏற்றிய பிறகு மகன் சாமானுக்கு மேலாக அந்தப் பக்கம் கயிறு வீசினான். அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினேன். அங்கிருந்து ஒரு சுண்டு வந்தது.

“இறுக்கிக் கட்டும்மா,” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.