இரண்டிரண்டாகக் கோத்த பல்புகள்

போன மார்கழியில் என் கோழிப்பண்ணையில் இறக்கிய மூவாயிரம் குஞ்சுகள் முதல் நாளே குளிரில் விறைத்துச் சாகத் தொடங்கின. சத்தியமங்கலம் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். குஞ்சு கொடுத்த கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். "நாளைக்கும் இப்படியே செத்துதுன்னா மிச்சத்த வண்டியில ஏத்திக்குவோமுங்க. இனி உங்களுக்குக் குஞ்சு இல்லீங்க" என்றார். எனக்கு வேறு பிழைப்பு இல்லை. அழுதுவிட்டேன்.

சூட்டுக்காகத் தொங்கவிட்ட பல்புகளுக்கு ஒயர் இழுத்தவர் என் மனைவியின் அண்ணன். அவருக்குத் தெரியாத வேலை கிடையாது. உருப்படியாக முடித்த வேலையும் கிடையாது. "ரெண்டு ரெண்டா வரிசையாக் கோத்துட்டா பல்பு ஃபியூஸே ஆகாதுங்க மாப்ள, கரண்டும் மிச்சம்" என்று பீற்றிக்கொண்டார். குஞ்சுகள் செத்ததும், "யாரோ கண்ணு வெச்சுபோட்டாங்க மாப்ள" என்றார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

நான் ஷெட்டிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, குஞ்சுகளைக் காப்பாற்றும்" என்று தொடங்கி, "இந்த ஆளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வையும்" என்று போய்விட்டேன். அரைமணி நேரம் அவரைத்தான் திட்டினேன். அதற்குப் பெயர் ஜெபமாம்.

எழுந்தபோது எரிகிற பல்பின் மேல் கை பட்டது. சுடவில்லை, வெதுவெதுப்புத்தான். நூறு வாட்ஸ் பல்பைத் தொட்டால் தோல் வெந்துபோக வேண்டும். என் ஜெபத்துக்கு ஆண்டவர் தந்த பதில் அதுதான். குஞ்சு வந்த அட்டைப்பெட்டி மேல் கணக்குப் போட்டேன். லைனில் வருகிற 230 வோல்ட்டை 230-ஆல் பெருக்கி நூறு வாட்ஸால் வகுத்தால், ஒரு பல்பின் மின்தடை 529 ஓம். வரிசையில் இரண்டு என்றால் கூட்ட வேண்டும்: 1058. தடை இரண்டு மடங்கு, கரண்ட் பாதி. ஒவ்வொரு பல்புக்கும் வோல்டேஜும் பாதி. அப்படியானால் சூடு ஏறக்குறைய கால்வாசி.

இந்தக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தவன். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். மச்சான் பல்பு கோத்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு, கரண்ட் மிச்சம் என்றதும் பல்லிளித்த ஜென்மம் நான்தான். அவர் தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே சும்மா இருந்தேன்.

பல்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து இணையாக மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் 230 முழுதாகக் கிடைத்தது. மதியத்துக்குள், குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்த குஞ்சுகள் பிரிந்து தீனிக்கு ஓடின. மறுநாள் வந்த கம்பெனிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்போதெல்லாம் கணக்குப் போடாமல் ஒரு ஒயரையும் தொடுவதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள், அவர் நிச்சயம் பதில் தருவார். ஆனால் அடுத்தவனைத் திட்டிக்கொண்டு முழங்காலில் கிடக்காதீர்கள். நான் கிடந்த அந்த அரைமணியில் மட்டும் நாற்பது குஞ்சுகள் செத்தன.