கணக்கில் இல்லாத மாடி

மகளின் கல்லூரிச் செலவுக்குப் பதினைந்து லட்சம் வேண்டும். பழனியாண்டவனைக் கும்பிட்டுவிட்டு, வில்பட்டி வீட்டை அடமானம் வைக்க இன்று வெள்ளனே கொடைக்கானல் பேங்குக்குப் போனேன்.

"வீடு அம்பது லட்சம் போகும் தம்பி. பதினஞ்சு குடுக்க என்ன யோசனை?" என்றேன்.

மேனேஜர் தம்பி சிரித்தார். "எங்க இன்ஜினியர் போட்ட மதிப்பு இருபதுதாங்கம்மா. அதுல நூத்துக்கு அறுபதுதான் கடன். பன்னெண்டு கிடைக்கும்."

"மாடியில மூணு ரூம் கெடக்கே! டூரிஸ்ட்டெல்லாம் வந்து தங்குறாங்களே!"

"அந்த மாடிக்குப் பிளான் அப்ரூவல் இல்லீங்கம்மா. எங்க கணக்குல அது கிடையாது."

ரொம்ப சந்தோஷம். அந்த இல்லாத மாடிக்கும் சேர்த்துத்தான் வருஷா வருஷம் வீட்டுவரி கட்டுகிறேன்.

மீதி மூன்று லட்சத்தை இனி அதுதான் சம்பாதிக்க வேண்டும். லீவுக்கு யாராவது வருகிறீர்களா? இல்லாத மாடியில் வெந்நீர் உண்டு.