“குறைவு” என்று எழுதிய நாகேஸ்வரி அக்கா

காலை ஏழரை மணிக்கு நாகேஸ்வரி அக்காவின் கணவர் தில்லை அண்ணை தொலைபேசியில் அழைத்தார். வெம்பிளியில் ரயில் பிடிக்க நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த நேரம். “நாகேஸ் மோசம் போயிட்டா, தம்பி,” என்றார். பிறகு அவரே, “நேற்றும் டொக்டரோட வாக்குவாதம்தான்,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

அவர் இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் பலர் பேசினார்கள். நல்லவர், கெட்டிக்காரி என்றெல்லாம் சொல்லிவிட்டு, “பிடிவாதம்தான் கொஞ்சம் கூட. வளைஞ்சு குடுத்திருந்தா எங்கையோ போயிருப்பா,” என்று முடித்தார்கள். அன்று நான் மறுத்துப் பேசவில்லை. அவரை அறிந்தவர்களுக்கு அந்த மறுப்பை இப்போது எழுதுகிறேன். வளைந்தவன் யார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் லண்டனில் ஒரு நீர்ப்பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். ஆசியாவின் நடுவே உள்ள ஒரு மலைநாட்டுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை அனுப்புவோம். மலைமேல் கிடக்கும் பனி உருகினால் கோடையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதே அதன் சாரம். அணைக்கட்டின் மின்சார நிறுவனமும் பள்ளத்தாக்கின் பாசன அலுவலகமும் அதை எதிர்பார்த்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பொறியியலாளராக இருந்த அக்காவை இங்கே எண்களைப் பெயர்த்தெழுதும் வேலைக்குத்தான் எடுத்திருந்தார்கள். “ஆறே இல்லாத ஊர்க்காரி நான். கிணத்துத் தண்ணியை அளந்து குடிச்ச எங்களுக்குத் தெரியாததோ இது?” என்பார்.

வந்த இரண்டாம் மாதமே பனியை அளக்கும் ஒரு மலை நிலையத்தின் எண்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூன்று மாதமும் ஒரே அளவு. “அளக்கிற மனுசன் மலை ஏறவே இல்லை, தம்பி. கீழ இருந்து எழுதியிருக்கிறார்.” மேலாளர், வந்ததை அப்படியே எழுதுவதுதான் உங்கள் வேலை என்றார். “பிழை எண்டு தெரிஞ்சும் எழுத எனக்கு வராது,” என்று அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, அந்த நிலையத்துக்கு டெலக்ஸ் அனுப்பினார். பாதை மூடிக் கிடக்கிறது, யாரும் ஏறவில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு கணக்கிடும் வேலையே அவர் கைக்குப் போனது.

நான் சொல்ல வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது. அந்தக் குளிர்காலம் மலையில் பனி உயரமாக விழுந்திருந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அக்காவுக்கு மட்டும் இல்லை. அங்கே ஒரு குழாயைப் பனிக்குள் இறக்கி, உள்ளே வருவதை நிறுத்துப் பார்ப்பார்கள். உயரத்தைவிட அந்த எடைதான் தண்ணீரைச் சொல்லும். எடை மிகக் குறைவாக இருந்தது. “பஞ்சுப் பொதியும் உயரமாத்தான் இருக்கும்,” என்றார் அக்கா. அறிக்கையின் முதல் வரியில் “குறைவு” என்று எழுதினார்.

கோடை மின்சாரத்தை முன்கூட்டியே விற்றிருந்த மின்சார நிறுவனம் வேறு சொல்லை எதிர்பார்த்தது. எங்கள் இயக்குநர் அக்காவை அழைத்து, “வழமையான ஆண்டு” என்று போட்டால் போதும், ஒரு சொல்தானே என்று மிக இனிமையாகக் கேட்டார். அக்கா மறுத்தார். இயக்குநர் அறிக்கையை அவரிடமிருந்து வாங்கி, சொல்லை மாற்றி, கையெழுத்துக்கு என் மேசைக்கு அனுப்பினார்.

நான் நிறுவனத்தின் வேலை அனுமதியில் இங்கே இருந்தவன். வேலை போனால் குடும்பத்தோடு மலேசியாவுக்குத் திரும்ப வேண்டும். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

“கையெழுத்து வைக்கப் போறீங்களோ?”

“எனக்கு வேற வழி தெரியல, அக்கா.”

“உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு. நான் குறை நினைக்கமாட்டன். ஆனா அந்த மலைக்குக் கீழையும் பிள்ளையள் இருக்கினம். எனக்கு ஏலாது.”

நான் கையெழுத்துப் போட்டேன். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

அன்று பிற்பகல் அக்கா ஒரே பக்கத்தில் தன் கணிப்பையும், அறிக்கையோடு தான் உடன்படாத காரணத்தையும் எழுதி, கீழே தன் முழுப் பெயரைப் போட்டு, இரண்டு அலுவலகங்களுக்கும் ஃபாக்ஸ் அனுப்பினார். ஒளிக்கவில்லை, ஒரு பிரதியை இயக்குநரின் மேசையிலேயே வைத்தார். மறுநாள் அவர் வேலை போய்விட்டது. ஆர்ச்வே பகுதியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவப் போனார்.

இலையுதிர் காலத்தில் பாசன அலுவலகத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நானே ஆர்ச்வேக்கு எடுத்துப் போனேன். ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். ஆனால் அவருடைய பக்கத்தை நம்பி, பாதி வயல்களில் மட்டும் விதைக்கச் சொல்லி, குடிதண்ணீரை ஏப்ரலிலேயே ஒதுக்கி வைத்தார்களாம். ஊர்களில் குடிதண்ணீர் வருவது நிற்கவில்லை. இனி அவர் கையெழுத்து இல்லாத அறிக்கையை ஏற்பதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அக்கா இரண்டு முறை வாசித்தார். “நம்பியிருக்கினம்,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னைச் சாப்பிட வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, “சோறு ஆறுது, தம்பி,” என்றார்.

நிறுவனம் திரும்ப அழைத்தது. தன்னுடைய அந்தப் பக்கத்தை அந்த ஆண்டு அறிக்கையோடு சேர்த்துக் கோப்பில் வைத்தால்தான் வருவேன் என்றார். வைத்தார்கள். நோய் வரும் வரை அங்கேயே வேலை செய்தார்.

போன ஆண்டு ஆஸ்பத்திரியில் வைத்தியர், பார்ப்போம், நம்பிக்கையோடு இருங்கள் என்றபோது அக்கா விடவில்லை. மோசமென்றால் எத்தனை மாதம், நல்லமென்றால் எத்தனை மாதம் என்று கேட்டு வாங்கினார். “பயப்பிடுவன் எண்டு மறைக்கினம்,” என்று என்னிடம் கோபப்பட்டார். “தெரிஞ்சாத்தானே இருக்கிறதை வச்சு என்ன செய்யலாம் எண்டு பார்க்கலாம்?” அந்த மாதங்களில் தில்லை அண்ணையைக் கார் ஓட்டப் பழக்கினார்.

வளைந்திருந்தால் எங்கோ போயிருப்பார் என்கிறவர்களே, வளைந்த நான் அந்த அலுவலகத்தில் அதே நாற்காலியில்தான் இருந்தேன். ஒரு பள்ளத்தாக்கு தண்ணீர் குடித்தது அவருடைய பிடிவாதத்தால். அதைக் குறை என்று சொல்ல நான் விடமாட்டேன்.

என்னிடம் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. இருப்பது ஒரு சொல். எங்கள் வீட்டில் “முடியாது” என்றுதான் சொல்வோம். ஆனால் அவர் போன அதே மாதம், வேறொரு மலைநாட்டு அறிக்கையில் முதல் வரியை மாற்றச் சொல்லி மேலிருந்து கேட்டபோது, என் வாயில் முதலில் வந்தது “ஏலாது” என்பதுதான். பிறகு அதை ஆங்கிலத்திலும் சொன்னேன். அறிக்கை மாற்றமில்லாமல் போய்விட்டது. கீழே என் முழுப் பெயர் இருக்கிறது.