கலாவதி சும்மா உட்கார்ந்திருந்தாள்

வைட்ஃபீல்டுக்குப் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தபோது கலாவதியின் தம்பி பாஸ்கரின் போன் வந்தது. "அக்கா, எங்க அக்கா போயிட்டாங்கக்கா" என்றான். அடுத்த நிலையத்தில் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

கலாவதியும் நானும் ஒரே கார்ட்டூன் ஸ்டுடியோவில் பல வருடம் வேலை பார்த்தோம். நான் கதை எழுதுவேன், அவள் வரைவாள். அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவளுடைய மாடிப்படி நினைவிருக்கும். மீட்டிங்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், எழுந்து போய் அங்கே உட்கார்ந்துவிடுவாள். போன்கூட எடுத்துப் போக மாட்டாள். ஒருமுறை எங்கள் மேனேஜர் தேடிக்கொண்டு போய், என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில், "ஏன் மாட்தா இதீரா மேடம்?" என்று கேட்டார். "சும்னே கூத்கொண்டிதீனி சார்" என்றாள். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று. அவருக்குக் கோபம் வந்தது.

மழைக்காட்டில் யானைக்குட்டி அம்மாவைத் தொலைத்துவிடும் காட்சிக்காக அன்று அடித்துக்கொண்டிருந்தோம். இடி, மின்னல், குட்டியின் கதறல் என்று ஏற்றிக்கொண்டே போனோம். கலா படியிலிருந்து திரும்பி வந்து, "குட்டி அழறத நிறுத்தட்டும். நிறுத்தினாத்தானே அம்மா காது ஆடுற சத்தம் அதுக்குக் கேக்கும்" என்றாள். அப்படியே மாற்றினோம். படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காட்சியைத்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று ஒருநாள் கேட்டேன். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா வேலை முடிந்து வரும்போது வெடிச்சத்தம் காதுக்குள் இரைந்துகொண்டே இருக்குமாம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். "பயம்லாம் இல்ல ராஜி. பாவம், அவருக்கு நாங்க குடுக்க முடிஞ்சது அதான். அந்த நேரத்துலதான் செவுத்து விரிசல்ல எல்லாம் மிருகமா தெரியும்."

அப்படிப்பட்டவளுக்கே நோய் வந்தபோது மனம் அடங்கவில்லை. கீமோவுக்கு நடுவில் போன் செய்தாள். "மண்டைக்குள்ள ஒரே சத்தம்டி. கண்ண மூடினா டாக்டர் பேசறாரு, கண்ண தொறந்தா நானே பேசறேன். அந்தப் படத்த முடிச்சிக் குடுக்க முடியாது போல." இருட்டுக்குப் பயப்படும் சிறுமியைப் பற்றிய படம் அது. முடிவு மட்டும் எங்கள் யாருக்கும் அகப்படவில்லை.

அல்சூரில் அவள் வீட்டுக்குப் போனேன். அவரைக்காய் சீசன். கொட்டைகளை ஊறவைத்துப் பெரிய பாத்திரத்தில் வைத்திருந்தாள். "ஆறுதல்லாம் சொல்லாத. பிதுக்கு" என்றாள். எதிரெதிரே உட்கார்ந்து தோலைப் பிதுக்கிப் பிதுக்கிப் பருப்பைத் தட்டில் போட்டோம். முதலில் அவள் உதடுகள் தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன. பிறகு நின்றன. வெளியே ஆட்டோக்கள் போவது கேட்டது. தட்டு நிறைந்துவிட்டது.

திடீரென்று கையைத் துடைத்துக்கொண்டு பென்சில் கேட்டாள். கோடுகள் மெலிந்திருந்தன, ஆனால் அவள் கோடுகள்தான். அவள் வரைந்த முடிவில் அந்தச் சிறுமி விளக்கைப் போடவில்லை. இருட்டில் பொம்மையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்கிறாள்.

"எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"வந்ததுலருந்து உன் கை நடுங்குது. நீ பயந்து போயிருக்க. அதப் பாத்துக்கினே இருந்தேனா, என் பயம் கொஞ்சம் ஒதுங்கிடுச்சு."

நான் அழுதேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

படம் முழுதாக முடிவதற்குள் போய்விட்டாள். முடிவுக் காட்சியில் நாங்கள் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை.

இப்போது என் பக்கத்தில் யாராவது பேச்சை நிறுத்திவிட்டால், என்ன யோசிக்கிறாய் என்று நான் கேட்பதில்லை. அவர்களாக வாய் திறக்கும்வரை காத்திருக்கிறேன். முன்பு இது எனக்கு வராது. கலாவிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான்.